நீங்க முதல்ல

என் வீட்டுக்காரரோடு கடைக்குப் போனால் திரும்பி வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். கூட்டத்தைக் குறை சொல்லிப் பயனில்லை, இவர்தான் காரணம். பில் போடும் இடத்தில் எங்கள் முறை வரும் நேரம் பார்த்து, பின்னால் ஒருவர் கையில் ஒற்றைச் சோப்புக் கட்டியோடு நிற்பார். "நீங்க முதல்ல போங்க" என்று இவர் ஒதுங்குவார். அவருக்குப் பின்னால் கைக்குழந்தையோடு ஓர் அம்மா நிற்பார். "நீங்க முதல்ல." அதற்கும் பின்னால் பார்த்தாலே அவசரக்காரர் என்று தெரிகிற ஒருவர். அவருக்கும் அதேதான். லிஃப்டில், பஸ்ஸில், பல் டாக்டரிடம்கூட இப்படித்தான். பல் டாக்டரிடம் வழிவிடுவதற்கு மட்டும் வேறு காரணம் இருக்கலாம். என் தங்கை அவருக்கு 'நீங்க முதல்ல மாமா' என்றே பெயர் வைத்துவிட்டாள்.

நானோ ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவள். சைரனைப் போட்டால் லாரி ஒதுங்கும், பஸ் ஒதுங்கும், காதில் பாட்டு மாட்டிக்கொண்டு போகிற கல்லூரிப் பையன்கூட ஒதுங்குவான். பத்து வருஷமாக ஊரே எனக்கு வழிவிட்டுப் பழகி, எனக்கு நின்று பழக்கமே இல்லாமல் போய்விட்டது. காப்பிக்குத் தண்ணீர் கொதிக்கிற நேரம் நிற்பதற்குள் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். ஊருக்கெல்லாம் வழிவிடுகிற மனிதருக்கும், வழிவிட்டே ஆகவேண்டும் என்கிற எனக்கும் முடிச்சுப் போட்டவர்களைச் சொல்ல வேண்டும். யாரும் போடவில்லை, நாங்களாகவே போட்டுக்கொண்டதுதான்.

எங்களுக்கு ஒரே பெண். வாயாடி. அதுதான் வீட்டில் அவளுடைய பெயரும். எழுந்ததும் ஆரம்பித்தால் தூங்கும்வரை ஏதாவது கேட்டுக்கொண்டே இருப்பாள். அவள் கேட்டதிலேயே பெரிய விஷயம் என் வண்டியில் ஏற வேண்டும் என்பது. நோயாளி இல்லாமல் ஏற்றக்கூடாது என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். ஒருநாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்தாள். நான் பதறி மருந்து தேட, "உன் வண்டியையே கூப்பிடும்மா" என்றாள். அப்போதுதான் விஷயம் புரிந்தது. முதுகில் ஒன்று வைத்தேன், பிறகு நானே சிரித்துவிட்டேன். முன்பின் தெரியாத யார் யாரோ என்னோடு அவ்வளவு வேகமாகப் போயிருக்கிறார்கள், நான் பெற்றவள் ஒருமுறைகூடப் போனதில்லை. அவள் பக்கத்திலும் நியாயம் இருந்தது.

அதற்குப் பதிலாக அவள் கண்டுபிடித்ததுதான் பூங்கா. ஊருக்கு வெளியே இருக்கும் பெரிய பொழுதுபோக்குப் பூங்காவில் மலைப்பாம்பு என்று ஒரு ரோலர் கோஸ்டர். போன வருஷம் வாசலில் இருந்த அளவுப் பலகையில் நிறுத்திப் பார்த்தார்கள். ஒரு விரல் குறைந்தது. வீட்டுக்கு வந்தவள் அன்றிலிருந்து கதவு நிலையைப் பிடித்துத் தொங்க ஆரம்பித்தாள். தொங்கினாளோ, தானாகவே வளர்ந்தாளோ, இந்த வருஷம் உயரம் சரியாகிவிட்டது. ஆனாலும் அவள் வயதில் தனியாக ஏற்ற மாட்டார்கள், பக்கத்து இருக்கையில் ஒரு பெரியவர் இருக்க வேண்டும். அவளுடைய அப்பாவுக்கு லிஃப்ட் கீழே இறங்கினாலே தலைசுற்றும். ஆக, நான்தான் போக வேண்டும். அவளுக்கும் நான்தான் வேண்டும்.

"எப்பம்மா போகலாம்?"

"பாக்கலாம்."

இந்த 'பாக்கலாம்' எங்கள் வீட்டில் தேய்ந்துபோன சொல். முதல் தடவை என் விடுப்பை ரத்து செய்தார்கள். இரண்டாம் தடவை இரண்டு ஷிஃப்ட் சேர்த்துப் பார்த்துவிட்டு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் சோபாவில் தூங்கிவிட்டேன். மூன்றாம் தடவை கூட வேலை செய்கிறவருக்குக் காய்ச்சல். அன்று அவளிடம் எப்படிச் சொல்வது என்று வார்த்தைகளைத் தேடிக்கொண்டிருந்தேன். அவள் பென்சில் சீவிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"பரவால்லம்மா. இனிமே நான் கேக்க மாட்டேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அழுதிருந்தால் தூக்கி வைத்துக்கொண்டிருப்பேன். கணக்கு டீச்சரிடம் விடை சொல்வதுபோலச் சொன்னாள். அதற்குப் பிறகு அவள் உண்மையாகவே எதையும் கேட்கவில்லை. அவள் செருப்பின் வார் அறுந்து ஊக்கு குத்தியிருந்ததை நான் தற்செயலாகத்தான் பார்த்தேன். பென்சில் விரலுக்குள் மறைகிற அளவுக்குத் தேய்ந்தும் புதுசு கேட்கவில்லை. வீடு அமைதியாக இருந்தது. ஆபத்தான நோயாளி கத்துகிறவன் இல்லை, கத்துவதை நிறுத்தியவன்தான். இது என் தொழிலில் நான் கண்டது.

மலைப்பாம்பைப் பழுது பார்ப்பதற்காக மூடப்போகிறார்கள், திரும்பத் திறக்க மாதக்கணக்கில் ஆகும் என்று என் வீட்டுக்காரர்தான் எங்கோ படித்துவிட்டு வந்தார். கடைசி நாள் ஞாயிறு. அன்று எனக்குக் காலை ஷிஃப்ட், மதியம் விட்டுவிடுவார்கள். அவரும் வாயாடியும் முன்னால் போவது, நான் நேராக வேலையிலிருந்து வந்து சேர்ந்துகொள்வது என்று முடிவாயிற்று. அவளிடம் சொன்னபோது, "சரிப்பா" என்று அப்பாவைப் பார்த்துச் சொன்னாள்.

அங்கே ஏறுவதற்கு இரண்டு வரிசை உண்டு. ஒன்று போனில் முன்பதிவு செய்துகொண்டு, கொடுத்த நேரத்துக்கு நேராக மேலே போகிற வரிசை. இன்னொன்று கால் கடுக்க நிற்கிற வரிசை. அதற்கு அங்கே வேறு ஏதோ நல்ல பெயர் வைத்திருந்தார்கள், எங்கள் வீட்டில் அது கால் வரிசைதான். முன்பதிவு காலையில் திறந்த உடனே தீர்ந்துவிடும் என்று, கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற என் வீட்டுக்காரர், ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக விடியும் முன்பே எழுந்து போனும் கையுமாக உட்கார்ந்தார். மதியத்துக்குப் பிறகு ஒரு நேரம் கிடைத்தது. போனுக்குள் யார் முகமும் தெரியாது, அதனால்தான் கிடைத்தது. தெரிந்திருந்தால் அங்கேயும் வழிவிட்டிருப்பார்.

என் ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் ஓர் அழைப்பு வந்தது. மாடி வீடு, குறுகலான படிக்கட்டு, கனத்த மனிதர், நெஞ்சுவலி. இறக்கவே பெரும்பாடாகிவிட்டது. வண்டியைக் கிளப்பும் முன் வீட்டுக்காரருக்குப் போன் போட்டுப் பதிவைத் தள்ளிப்போடச் சொன்னேன். ஒருமுறை மாற்றலாமாம், மாற்றினார். அடுத்தமுறை மாற்ற முடியாது, நேரத்துக்கு வராவிட்டால் இருப்பதும் போய்விடும் என்றார்.

சைரனைப் போட்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்து வந்தேன். வாசலில் எனக்கு முன்னால் மூன்று ஆம்புலன்ஸ். உள்ளே படுக்கை காலியாகவில்லை. நோயாளியை அவர்கள் வாங்கிக்கொள்ளும்வரை ஸ்ட்ரெச்சரை விட்டுவிட்டு நாங்கள் நகர முடியாது. சாலையெல்லாம் எனக்கு ஒதுங்கும், ஆஸ்பத்திரி வாசல் ஒதுங்காது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவருடைய மனைவி நொடிக்கொருமுறை என்னைப் பார்த்தார். "பயப்படாதீங்கம்மா, நான் இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். பொய்யில்லை, இருந்தேன். இருந்துகொண்டே மனசுக்குள் மலைப்பாம்பின் நேரத்தையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுபடி போன் செய்தபோது பதிவு போய்விட்டிருந்தது. அன்றைக்கு வேறு நேரமும் இல்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் யாரைத் திட்டுவது என்று தெரியாமல் அவரையே திட்டினேன். அவர் கேட்டுக்கொண்டார்.

"நாங்க கால் வரிசையில நிக்கப் போறோம். போனையும் பையையும் பெட்டியில வெச்சுப் பூட்டிட்டுத்தான் உள்ள விடுவாங்களாம், அதனால போன் எடுக்க மாட்டேன். நீ மெதுவா வா."

ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவளைப் பார்த்து மெதுவாக வரச்சொல்லும் ஒரே ஆள் அவர்தான்.

நெஞ்சுவலிக்காரரை உள்ளே ஒப்படைத்து, வண்டியை அடுத்த ஆளிடம் கொடுத்து, சீருடையோடு என் ஸ்கூட்டரில் ஏறியபோது வெயில் தணிந்திருந்தது. ஒவ்வொரு சிக்னலும் எனக்காகவே காத்திருந்து சிவப்பாயிற்று. யாரும் ஒதுங்கவில்லை. பின்னாலிருந்து ஒருவர் ஹாரன் அடித்து என்னை ஒதுங்கச் சொன்னார். அதெல்லாம் அன்றைக்கு நான் படவேண்டியிருந்தது போலும்.

பூங்காவுக்குள் ஓடி மலைப்பாம்பின் வாசலுக்குப் போனேன். மேலே பெரிய போர்டு. காத்திருக்கும் நேரம் நான்கு மணி நேரத்துக்கும் மேல் என்று எரிந்துகொண்டிருந்தது. பூங்கா மூடுவதற்கு அதில் பாதி நேரம்கூட இல்லை. என் கண்முன்னாலேயே ஒரு குடும்பம் போர்டைப் பார்த்துவிட்டு, "இது நடக்கிற காரியமில்ல" என்று திரும்பிப் போயிற்று.

வரிசையின் வாலில் ஒரு பெண் நின்றிருந்தார். என் வயதுதான் இருக்கும். தொப்பி, இடுப்பில் வாக்கி டாக்கி, ஊரெல்லாம் கத்தியும் அசையாத முகம். என் புருஷனும் பெண்ணும் உள்ளே இருக்கிறார்கள், நான் அவர்களிடம் போக வேண்டும் என்றேன். முடியாது என்றார். ஒருவர் இடம்பிடித்து மற்றவர் போய்ச் சேருவது இங்கே கிடையாது, எல்லாரும் வாலிலிருந்துதான் வரவேண்டும். மதியம் என் வீட்டுக்காரர் கேட்டபோதும் இதையே சொன்னாராம். என் சீருடையைக் காட்டினேன். உள்ளே யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று கேட்டார். இல்லை என்றேன். அப்படியானால் வாலிலிருந்து வாருங்கள் என்றார்.

சாதாரணமாக இந்த இடத்தில் நான் குரலை உயர்த்தியிருப்பேன். அன்று உயர்த்தவில்லை. "இன்னிக்கு விட்டா எம்பொண்ணு இனிமே எங்கிட்ட எதுவும் கேக்க மாட்டா" என்று மட்டும் சொன்னேன். சொல்லும்போதே அது அவருக்குப் புரியாது என்று தெரிந்தது. அவர் நுழைவை மறித்திருந்த கயிற்றைக் கழற்றி வழியைத் திறந்தார்.

"போர்டைப் பாக்காதீங்க. வாலுக்குத்தானே போகச் சொன்னேன்? போங்க. வால் எங்க இருக்குன்னு போய்ப் பாருங்க."

உள்ளே போனேன். இரும்புக் கம்பிகளுக்கு நடுவே வழி இடமும் வலமுமாக மடங்கி மடங்கிப் போயிற்று. முதல் மடிப்பில் ஆள் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. தரையில் காலி டம்ளர், ஒரு குழந்தையின் ஒற்றை சாக்ஸ். கம்பிக்கு அடியில் குனிந்து குறுக்கே போயிருக்கலாம். போகவில்லை, ஒவ்வொரு மடிப்பையும் நடந்தே கடந்தேன். வாழ்க்கையில் முதல்முறையாக வரிசையை மதித்த நாள் அது, அன்றைக்குப் பார்த்து வரிசையே இல்லை.

கடைசித் திருப்பத்தில், வண்டி ஏறும் மேடைக்கு முன்னால், கம்பியோடு கம்பியாக ஒட்டிக்கொண்டு என் வீட்டுக்காரர் நின்றிருந்தார். பக்கத்து வழியில் போனோடு முன்பதிவுக்காரர்கள் இரண்டு பேர் வந்தார்கள். "நீங்க முதல்ல போங்க" என்றார். அவர் சொல்லாவிட்டாலும் அவர்கள்தான் முதலில் போவார்கள். வாயாடி கீழே உட்கார்ந்து ஷூ கயிற்றை அவிழ்த்து, திரும்பக் கட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"வந்துட்டியாம்மா" என்றாள். எழுந்து, பாவாடையைத் தட்டிவிட்டு, கையை நீட்டினாள்.

நடந்தது இதுதான். அவர்கள் கால் வரிசையில் நுழைந்தபோது வாலில் நின்ற அந்தப் பெண் என் வீட்டுக்காரர் கழுத்தில் ஓர் அட்டையை மாட்டிவிட்டிருக்கிறார். அவ்வப்போது யாராவது ஒருவரிடம் அப்படிக் கொடுப்பது அங்கே வழக்கமாம், அது திரும்பி வந்த பிறகுதான் அடுத்த ஆளுக்கு. அதை மேலே வண்டி ஏற்றுகிறவரிடம் கொடுத்தால், வாலிலிருந்து தலைக்கு வர எவ்வளவு நேரம் ஆயிற்று என்று கம்ப்யூட்டர் கணக்குப் பார்த்துப் போர்டில் போடும். அட்டை தொலைந்துவிடக் கூடாதே என்று இவர் அதைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் பத்திரப்படுத்தினார். வண்டி ஏறும்போதுதானே கொடுக்க வேண்டும்? இவர் ஏறவே இல்லை. தலைக்கு வந்ததும் ஓரமாக ஒதுங்கி, பின்னால் வந்த அத்தனை பேரையும் "நீங்க முதல்ல" என்று அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறார். அட்டை வந்து சேராததால் போர்டு ஏறிக்கொண்டே போயிற்று. போர்டைப் பார்த்து ஊர் திரும்பிப் போயிற்று. உள்ளே இருந்தவர்கள் ஏறி முடித்தார்கள், புதிதாக யாரும் வரவில்லை. ஒரு மனிதர் வழிவிட்டு வழிவிட்டே ஒரு வரிசையைத் தீர்த்துவிட்டார். உலகத்தில் வேறு யாரைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தாலும் இது நடந்திருக்காது.

மேடையில் இருந்தவர் எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்தார். அப்போதுதான் இவர் பையிலிருந்து அட்டையை எடுத்து, "இத உங்ககிட்ட குடுக்கச் சொன்னாங்க" என்று மரியாதையாக நீட்டினார். அந்த ஆள் அட்டையைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், காலியாகக் கிடந்த வரிசையைப் பார்த்தார். வாங்கிக்கொண்டு, போர்டைச் சரிசெய்யச் சொல்ல வாக்கி டாக்கியை எடுத்தார்.

எனக்குப் பயம் கிடையாது என்று நினைத்திருந்தேன். வண்டி உச்சிக்கு ஏறியதும் கைக்கு ஸ்டியரிங் இல்லை, காலுக்கு பிரேக் இல்லை என்பது உறைத்தது. இல்லாத பிரேக்கை இரண்டு காலாலும் மிதித்தேன். கண்ணை மூடிக்கொண்டு கத்தினேன். காற்றுக்கு நடுவே காதோரம் வாயாடியின் குரல் கேட்டது.

"பயப்படாதம்மா, நான் இருக்கேன்."

அவள் கை என் கையை இறுக்கிப் பிடித்திருந்தது. அதை எங்கே கற்றுக்கொண்டாள் என்று கேட்கத் தேவையில்லை. அவளோடு போனில் பேசும்போதே பக்கத்திலிருக்கும் நோயாளிகளிடம் நான் சொல்லிச் சொல்லி அவள் காது பழகியிருக்கும். அந்த வார்த்தை என்ன செய்யும் என்று எனக்குத்தான் அதுவரை தெரியாது.

இறங்கி வெளியே வந்தபோது போர்டில் ஐந்து நிமிடம் என்று எரிந்தது. எங்கிருந்தோ ஜனம் ஓடிவந்து முண்டியடித்தது. வாலில் இருந்த பெண் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தார். நான் போய் நன்றி சொன்னேன். வாய் வார்த்தையாக இல்லை, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் என்னைப் பார்க்காமலேயே பதில் சொன்னார்.

"போர்டு ஏறுது, வரிசை குறையுது. என்னமோ தப்புன்னு தெரிஞ்சுது. யாராவது கேட்டா சொல்லலாம்னு இருந்தேன். யாரும் கேக்கல."

"நான் வந்தப்ப சொல்லிட்டீங்களே?"

"நீங்கதான் வந்து கேட்டீங்க" என்றார். பிறகு, "உங்க பொண்ணு உள்ள போறப்பவே எங்கிட்ட சொல்லிட்டுத்தான் போச்சு, எங்கம்மா லேட்டா வருவாங்க, ஆனா வந்துருவாங்கன்னு" என்று சேர்த்துக்கொண்டு, யாரையோ அதட்டப் போய்விட்டார்.

வீட்டுக்காரர் பெட்டியைத் திறந்து பையை எடுத்துக்கொண்டிருந்தார். இவள் அப்படியா சொன்னாள் என்று அவரிடம் கேட்டேன். அவர் செய்கிற வேலையை நிறுத்தவில்லை.

"அங்க மட்டுமா? மேல நிக்கும்போது எத்தனை பேர் கூப்பிட்டாங்க தெரியுமா, பாப்பாவை நாங்க கூட்டிட்டுப் போறோம்னு. ஒருத்தரோடவும் போகல. எங்கம்மா வந்துட்டிருக்காங்கன்னே சொல்லிட்டு நின்னா."

என்னிடம் கேட்பதைத்தான் நிறுத்தியிருந்தாள். நான் வருவேன் என்று ஊருக்குச் சொல்வதை நிறுத்தவில்லை. அந்த நிமிஷம் எனக்கு எல்லார்மேலும் நன்றியாக இருந்தது. கயிற்றைத் திறந்துவிட்ட அந்தப் பெண், நல்லபடியாகப் படுக்கை கிடைத்த அந்த நெஞ்சுவலிக்காரர், போர்டைப் பார்த்துத் திரும்பிப்போன முகம் தெரியாத குடும்பங்கள், எல்லாரும்தான். எல்லாருக்கும் மேலே இந்த மனிதர். மதியத்திலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்காமல் நின்றிருக்கிறார். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "நாலு பேர் பாக்கறாங்க" என்று கூச்சப்பட்டார். பார்க்கட்டும் என்றேன்.

வெளிவாசலில் ஒரே ஆள் போகிற சுழல்கதவு. வழக்கம்போல அவர் ஒதுங்கி யாருக்கோ வழிவிட, நானும் ஒதுங்கி நின்றேன். எவ்வளவு பேர் போனார்கள் என்று பார்க்கவில்லை. வாயாடி இரண்டு பேருக்கும் நடுவே நின்றுகொண்டு மேலே, இருட்டத் தொடங்கியிருந்த வானத்தில் வளைந்து கிடந்த மலைப்பாம்பைப் பார்த்தாள்.

"அம்மா."

"என்ன?"

"இது திரும்பத் திறந்தா இன்னொரு வாட்டி வரலாமா?"

எத்தனை நாளுக்குப் பிறகு ஒரு கேள்வி. 'பாக்கலாம்' என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. கட்டாயம் வரலாம் என்று சொல்லவும் ஆசையாக இருந்தது, ஆனால் என் வேலை எனக்குத் தெரியும். இரண்டையும் விழுங்கிவிட்டு அவள் உயரத்துக்குக் குனிந்தேன்.

"நாலு தடவை கேளு. மூணு தடவை முடியாம போகும். நாலாவது தடவை வந்துருவேன். ஆனா நீ கேக்கறத மட்டும் விடாதடி."

அவள் கொஞ்சம் யோசித்தாள்.

"சரி" என்றாள். "இப்ப ஒரு தடவை கேட்டாச்சு."